டொக்டரின் அறையில் கேட்டு எழுதும் மென்பொருள்: நாங்கள் சொல்லாததும் குறிப்பில் ஏறலாம்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கும் எங்கள் உறவினர்களிடம் வைத்தியர்கள் இப்போது புதிதாக ஒரு கேள்வி கேட்கிறார்கள். "நாங்கள் பேசுவதைக் கேட்டு ஒரு மென்பொருள் குறிப்பு எழுதும். உங்களுக்குச் சம்மதமா?" தலையாட்டிவிடுவதுதான் எங்கள் வழக்கம். டொக்டர் கேட்டால் யார் மாட்டேன் என்பது?

இந்தக் கேள்வி கனமூலைக்கு வாட்ஸ்அப் வழியாக வந்து சேர்ந்தது. லண்டனில் இருக்கும் மாமியின் மகள் கேட்டிருந்தாள்: உம்மா பேசும் தமிழ் அதற்கு விளங்குமா, அது எழுதுவதை நம்பலாமா? ஊரில் வயதானவர்களைப் புத்தளத்துக்குக் கிளினிக்குக் கூட்டிப்போவதும், அவர்கள் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் டொக்டருக்குச் சொல்வதும் நான் அடிக்கடி செய்கிற வேலை. வாயால் சொன்ன ஒன்று கொப்பியில் ஏறும்போது எப்படி மாறிப்போகும் என்பதைக் கிட்ட இருந்து பார்க்கிறவன் நான். அதனால் தேடிப் படித்தேன். விளங்கியதை எழுதுகிறேன்.

இந்த மென்பொருள்கள் இரண்டு வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கின்றன. முதலாவது, ஒலியை எழுத்தாக்குவது. மேசையில் இருக்கும் கைபேசியோ கணினியோ வைத்தியரும் நோயாளியும் பேசுவதை எடுத்து, சொல்லுக்குச் சொல் எழுதுகிறது. இரண்டாவது, அந்த நீண்ட பேச்சிலிருந்து மருத்துவக் குறிப்பைத் தயாரிப்பது. சட்ஜிபிடிக்குப் பின்னால் இருப்பதைப் போன்ற ஒரு மொழி மாதிரி இதைச் செய்கிறது. நோயாளி சொன்னது, வைத்தியர் பரிசோதித்துக் கண்டது, அவருடைய முடிவு, அடுத்துச் செய்யவேண்டியது என்று அது பிரித்து அடுக்கும். பேத்தியின் கல்யாணக் கதை விடுபட்டுப் போகும். சீனியின் அளவு நிற்கும். கடைசியில் வைத்தியர் அதை வாசித்து, திருத்தி, தன் பெயரில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு வேலை என்றால் பிழைக்கும் இரண்டு வாசல். முதல் வேலையில் ஒரு சொல் தவறினால், இரண்டாவது வேலை அந்தத் தவறை அழகான ஆங்கிலத்தில் எழுதிவைக்கும். அழகான ஆங்கிலத்தில் இருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை.

வைத்தியர்கள் இதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வடபகுதியில் இயங்கும் பெர்மனென்டே மருத்துவக் குழுமம் 2023 ஒக்டோபரில் இதைத் தன் வைத்தியர்களுக்குக் கொடுத்தது. பத்து வாரத்துக்குள் 3,442 வைத்தியர்கள் 303,266 நோயாளர் சந்திப்புகளில் பயன்படுத்தினார்கள். திரையைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நோயாளியின் முகத்தைப் பார்க்க முடிகிறது, வீட்டுக்குப் போன பிறகும் குறிப்பெழுத வேண்டிய சுமை குறைகிறது. இதைச் சின்ன விடயம் என்று நான் சொல்லமாட்டேன். முகத்தைப் பார்க்கும் டொக்டரிடம்தான் எங்கள் ஆட்கள் வாய் திறப்பார்கள்.

இனி, அந்த முதல் வேலை. ஒலியை எழுத்தாக்கும் மென்பொருள்களில் மிகப் பிரபலமானது விஸ்பர். சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்டது. யாரும் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் இருந்து திரட்டிய 680,000 மணித்தியால ஒலியைக் கேட்டு அது பழகியது. அதில் ஆங்கிலம் சுமார் 438,000 மணித்தியாலம். தமிழ்ப் பேச்சும் அதற்குரிய தமிழ் எழுத்துமாகப் பொருந்திய தரவு 136 மணித்தியாலம். இரவு பகலாக ஓடவிட்டால் ஆங்கிலம் ஐம்பது வருடம் ஓடும். தமிழ் ஆறு நாள்கூட ஓடாது. சிங்களத்துக்கு இதைவிடவும் குறைவு. பின்னர் வந்த பதிப்புகளில் தரவு பெருகியிருக்கிறது, சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் போன்றவர்களும் தமிழ் ஒலியைத் திரட்டி வருகிறார்கள். ஆனாலும் அவை பழகும் தமிழில் பெரும்பங்கு இந்தியத் தமிழ்தான்.

அதனால் என்ன என்று கேட்கலாம். நோயைச் சொல்லும்போதுதான் எங்கள் தமிழ் மிகவும் விலகிப்போகிறது. எங்களுக்கு 'வருத்தம்' என்றால் நோய், அவர்களுக்குக் கவலை. 'மூன்று நாளாக வருத்தம்' என்று ஒரு தாய் சொன்னால், மூன்று நாளாக மனம் சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஏறிவிடலாம். அங்கிருந்து மனச்சோர்வு என்ற முடிவுக்கு ஒரு எட்டுத்தான். 'சத்தி' நமக்கு வாந்தி. 'முட்டு' மூச்சுத் திணறல். 'நாரி நோகுது' என்றால் இடுப்புக்கு மேலே முதுகு நோகிறது, நாரி என்பதற்குப் பெண் என்று அகராதி சொல்லும். 'சலம் கடுக்குது', 'குளிசை', 'சீனி வருத்தம்' என்று பட்டியல் நீளும். கைபேசியில் கிடைக்கும் ஓர் இலவச மென்பொருளிடம் "இரண்டு நாளாக வருத்தம், சத்தியும் எடுத்தது" என்று ஊர்த் தமிழில் சொல்லிப் பார்த்தேன். சத்தியைச் சக்தி ஆக்கிவிட்டு, இரண்டு நாளாகக் கவலையாக இருக்கிறேன் என்று மொழிபெயர்த்துத் தந்தது. வாந்தி எடுத்த மனிதன் அங்கே காணாமலே போனான்.

பிழையாக எழுதுவது ஒரு பக்கம். சொல்லாததை எழுதுவது வேறு. எனக்கு உண்மையில் பயம் தருவது இரண்டாவதுதான்.

இந்த வகை மென்பொருள், கேட்டதை மட்டும் எழுதும் இயந்திரம் அல்ல. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகித்து எழுதும் இயந்திரம். ஒலி தெளிவாக இருக்கும்போது ஊகம் ஒலியைப் பின்தொடர்கிறது. ஒலி நின்றுபோனால் ஊகம் தன்பாட்டில் நடக்கத் தொடங்கலாம். யாரும் பேசாத இடத்தில், இணைய வீடியோக்களின் முடிவில் வரும் 'பார்த்ததற்கு நன்றி' போன்ற வரிகளை விஸ்பர் எழுதிவிடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகலாம், அது மருத்துவக் குறிப்பாக இல்லாவிட்டால்.

2024 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் அலிசன் கோனெக்கியும் சக ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுத் தடுமாறுகிறவர்களின் பதிவுகளையும், தடுமாற்றம் இல்லாதவர்களின் பதிவுகளையும் விஸ்பருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 100 பதிவுத் துண்டுகளுக்கு ஒன்றில், யாரும் சொல்லாத முழு வாக்கியங்களோ சொற்றொடர்களோ சேர்ந்திருந்தன. அப்படிச் சேர்ந்தவற்றில் 38 சதவீதம் தீங்கு விளைவிக்கக் கூடியவை. ஒருவர், ஒரு சிறுவன் குடையை எடுக்கப் போவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மென்பொருள் அதோடு நிற்கவில்லை. பயங்கரவாதக் கத்தி என்ற சொல்லையும், பலரைக் கொன்ற ஒரு கதையையும் தானாகவே சேர்த்து எழுதியிருக்கிறது. இன்னோர் இடத்தில் இல்லாத ஒரு மருந்துக்குப் பெயர் வைத்திருக்கிறது.

குடை எடுக்கப்போன பிள்ளையின் கதையில் பயங்கரவாதம். 1979 இல் வந்த சட்டத்தின் கீழ் அந்தச் சொல்லின் பெயரால் எத்தனை பேர் எத்தனை வருடம் உள்ளே இருந்தார்கள் என்பது இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பேச்சுக்கு நடுவே மௌனம் நீளும் பதிவுகளில்தான் இந்தச் சேர்க்கை கூடுதலாக நடந்திருக்கிறது. ஆய்வு போரைப் பற்றியதல்ல, அமெரிக்க நோயாளிகளைப் பற்றியும் ஆங்கிலத்தைப் பற்றியும்தான். ஆனால் எனக்கு அதைப் படித்தபோது எங்கள் ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். மன்னாரிலிருந்து வந்து அடுத்த வளவில் இருக்கும் மாமாவிடம், "இந்தக் கால் எப்போதிருந்து நோகுது?" என்று டொக்டர் கேட்டால் அவர் கூரையைப் பார்ப்பார். அரை நிமிடம் போகும். பிறகு 'கனகாலம்' என்பார். நான் அந்த அரை நிமிடத்தை மொழிபெயர்ப்பதில்லை. முள்ளிவாய்க்காலில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஒரு தாயின் மௌனம் அரை நிமிடத்தில் முடியாது.

பிழை இருந்தால் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டுத் திருத்தலாமே என்றால், அதற்கும் எப்போதும் வழி இல்லை. விஸ்பரை அடிப்படையாகக் கொண்ட நப்லா என்ற மருத்துவ மென்பொருளை 30,000 க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் பயன்படுத்துவதாக 2024 ஒக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. தரவுப் பாதுகாப்புக்காக மூல ஒலிப்பதிவை அந்த மென்பொருள் அழித்துவிடுகிறது என்றும் அதே செய்தியில் இருந்தது. விஸ்பரின் இந்தக் குறை தங்களுக்குத் தெரியும், சரிசெய்து வருகிறோம் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஒலியை அழிப்பதற்கும் காரணம் உண்டு: அந்தரங்கமான பேச்சு எங்கோ ஒரு கணினியில் கிடப்பது ஆபத்து. ஆனால் ஒலி போன பிறகு எஞ்சுவது குறிப்பு மட்டும்தான். நான் அப்படிச் சொல்லவில்லை என்று நோயாளி சொன்னால் சாட்சிக்கு யார்?

ஒரு குறிப்புக்கு இவ்வளவு பதற்றமா என்று வேறு நாட்டவர்கள் கேட்கலாம். எங்களிடம் கேட்கமாட்டார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம்களுக்கும், 2009 இல் வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களுக்கும் ஒரு கடதாசியின் பெறுமதி தெரியும். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் போலவே, காயத்துக்கும் கடதாசி கேட்கிறார்கள்.

பிரித்தானிய உயர் நீதிமன்றத்தில் 2019 மார்ச் 6 இல் தீர்ப்பான ஒரு வழக்கைச் சொல்கிறேன். கேவி என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்பட்ட இலங்கைத் தமிழர் ஒருவருடைய புகலிட வழக்கு. தடுப்பில் வைத்துச் சூடான உலோகக் கம்பியால் சுட்டார்கள் என்பது அவர் சொன்னது. தழும்புகள் அவரே கேட்டு இன்னொருவரைக் கொண்டு போடுவித்தவை என்று கீழ்த் தீர்ப்பாயம் முடிவு செய்தது. முதுகில் இருந்த தழும்புகளின் விளிம்பு கூர்மையாகவும், கையில் இருந்தவற்றின் விளிம்பு மங்கலாகவும் இருந்ததை வைத்தியர் கவனித்திருந்தார். கையில் சுடும்போது நினைவு இருந்தது, முதுகில் சுடும்போது மயங்கிவிட்டேன் என்று அவர் சொன்னதோடு அது பொருந்தியது. மருத்துவ அறிக்கையைச் சரியாக எடைபோடவில்லை என்று உயர் நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. சித்திரவதைக் காயங்களைப் பதிவு செய்வதற்கு ஐ.நா. ஏற்றுக்கொண்ட இஸ்தான்புல் நெறிமுறையில் 'பொருந்துகிறது' என்பதும் 'மிகவும் பொருந்துகிறது' என்பதும் வெவ்வேறு படிகள். மயங்கினேன் என்ற ஒரு சொல், எந்தக் காயத்தோடு மயங்கினேன் என்பது: அது குறிப்பில் இடம் மாறினால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு குடும்ப வைத்தியரிடம் சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் பார்க்கும் இடம் அது.

இங்கே, எங்கள் பக்கத்தில், நிலைமை வேறு. வெளிநோயாளர் பிரிவில் டொக்டர் எழுதுவது இரண்டு வரி. அமெரிக்க வைத்தியருக்கு இருக்கும் குறிப்புச் சுமை இங்கே பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை மொழி. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. ஆனால் நோயாளி தமிழில் சொல்கிறார், டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார், கொப்பியில் ஆங்கிலம் ஏறுகிறது. நடுவில் என்னைப் போல ஒருவரோ, பாடசாலைக்கு லீவு போட்ட பேரப்பிள்ளையோ. மாதவிடாய்ச் சிக்கலை மகன் வழியாகச் சொல்லவேண்டிய தாய்மார் அதைச் சொல்லாமலே திரும்பி வருகிறார்கள். ஆகவே இந்த மென்பொருள் இங்கே வரும்போது குறிப்பாளராக அல்ல, மொழிபெயர்ப்பாளராகத்தான் வரும் என்பது என் ஊகம். வந்தால் அந்தத் தாய்மாருக்கு நன்மைகூட இருக்கலாம். ஆனால் மனித மொழிபெயர்ப்பாளரை நியமிக்காமல் இருப்பதற்கு அது சாட்டாகிவிடக் கூடாது. சுகாதாரத் தரவுக்குத் தனிப் பாதுகாப்புச் சொல்லும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் இங்கே நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவதோ தள்ளிப்போடப்பட்டது.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு: இந்த மென்பொருள்கள் பற்றி என்.எச்.எஸ். இங்கிலாந்து 2025 ஏப்ரலில் வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது, குறிப்பைச் சரிபார்ப்பது வைத்தியரின் கடமை. வேண்டாம் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதனால் சிகிச்சை தராமல் விடமாட்டார்கள். சம்மதித்தால், எழும்பி வருமுன் குறிப்பை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குறிப்பாக 'இல்லை' என்று சொன்ன இடங்களை, ஒவ்வாத மருந்துகளை, திகதிகளை, எந்தப் பக்கத்துக் கை, எந்தப் பக்கத்துக் கால் என்பதை. தடுப்பில் நடந்ததையோ போரில் நடந்ததையோ பேசப் போகும் நாளில் மென்பொருளை நிறுத்தச் சொல்லிவிட்டு, தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலங்கைத் தமிழ் தெரிந்தவராக. பிறகு குறிப்பின் பிரதியை எடுத்து வீட்டில் வையுங்கள். பிழை கண்டால் எழுத்தில் அறிவியுங்கள். புகலிட வழக்கு நடப்பவர்கள் அந்தப் பிரதியைச் சட்டத்தரணிக்கும் காட்டவேண்டும்.

இங்கே இருப்பவர்களுக்கு, மென்பொருள் வந்தாலும் வராவிட்டாலும்: குளிசையின் பெயரை வாயால் சொல்லாதீர்கள். வெறும் அட்டையானாலும் பரவாயில்லை, பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.