லண்டன் மாநகரில் புதிய பிரயாணி

உறவினரைக் காணவும் உயர்கல்வி பெறவும் லண்டன் மாநகர் செல்வோர் நம்மிடையே பலர். ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கியதும் பிக்காடிலிப் பாதையில் செல்லும் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஏறினால், இடையில் வண்டி மாறாமலே நகரின் நடுப்பகுதியை அடையலாம். வாயிற் பொறியில் வங்கி அட்டையைத் தொடுவித்து உட்செல்வோர், வெளிவரும்போதும் அதே அட்டையைத் தொடுவித்தல் வேண்டும்; மறந்தால் உச்சக் கட்டணம் அறவிடப்படும்.

1863ஆம் ஆண்டு தொடங்கிய இச்சேவையே உலகின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரத சேவையாகும். அதன் பாதைகளை வண்ணக் கோடுகளாகக் காட்டும் இன்றைய படம், ஹரி பெக் என்னும் படவரைஞர் 1931இல் வரைந்து 1933இல் வெளிவந்த படத்தின் வழிவந்தது. எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதையே அவர் காட்டினார், தூரத்தையன்று. நெருக்கமான நடுநகரை விரித்தும் புறநகரைச் சுருக்கியும் வரைந்தார்.

இதனை அறியாதார் வீணே அலைவர். லெஸ்ரர் சதுக்க நிலையத்திலிருந்து கவென்ற் கார்டன் நிலையம் 300 மீற்றர் தூரமும் இல்லை. படத்தை நம்பியவர் பாதாளத்தில் இறங்கி, வண்டிக்குக் காத்திருந்து, மின்னுயர்த்தியில் மேலேறி வருமுன், நடந்து சென்றவர் கடைவீதியைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிடுவார், கட்டணமும் மிச்சம். ஆகவே, நெடுந்தூரத்துக்கு நிலக்கீழ்ப் பாதைப் படத்தையும், கிட்டிய இடங்களுக்குத் தெருப்படத்தையும் பார்த்துப் புறப்படுவதே நன்று.