முடிவு முன்பே தெரிந்த சண்டையில் ‘நல்ல மேட்ச்’ எது? சமோவா ஜோ – சிஎம் பங்க் மோதல் சொல்லும் பதில்

“அட, அதெல்லாம் செட்டப்தானே!”

ரெஸ்லிங் பார்க்கும் யாரும் வீட்டில் ஒரு தடவையாவது இதைக் கேட்டிருப்பார்கள். ஆமாம், செட்டப்தான். யார் ஜெயிக்க வேண்டும், பெல்ட் யாரிடம் போக வேண்டும் என்பதை ‘புக்கர்’ என்று அழைக்கப்படும் ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். தொழில்முறை மல்யுத்தத்தில் இது இப்போது ரகசியமே இல்லை.

அப்படியென்றால் ஒரு மேட்ச்சை ‘பிரமாதம்’ என்றும் இன்னொன்றை ‘சொதப்பல்’ என்றும் ரசிகர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள 20 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மேட்ச்சைப் பார்க்கலாம். 2004 அக்டோபர் 16, அமெரிக்காவில் சிகாகோ நகரை ஒட்டிய சிகாகோ ரிட்ஜ். ‘ரிங் ஆஃப் ஹானர்’ என்ற சிறிய நிறுவனத்தின் உலக சாம்பியன் சமோவா ஜோவும் சவாலுக்கு வந்த சிஎம் பங்க்கும் மோதினார்கள். 60 நிமிடங்கள் ஓடிய ஆட்டத்தில் யாரும் ஜெயிக்கவில்லை. ஆனாலும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சின்ன கம்பெனியின் பெல்ட்டுக்கு மதிப்பு எப்படி வந்தது?

2001 மார்ச்சில் அப்போதைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) தன் பெரிய போட்டியாளரான டபிள்யூ.சி.டபிள்யூ.வை விலைக்கு வாங்கியது. ஈ.சி.டபிள்யூ.வும் அதே ஆண்டில் திவாலானது. அமெரிக்காவில் மிஞ்சிய பெரிய கடை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைக்குள் இடம் கிடைக்காத வீரர்கள் எங்கே போவார்கள்? சிறு அரங்குகளில் சில நூறு பேர் முன்னால் ஆடும் ‘இண்டி’ நிறுவனங்கள்தான் அவர்களுக்கு வழி.

அப்படி 2002 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் தொடங்கியதுதான் ரிங் ஆஃப் ஹானர். தொடக்க ஆண்டுகளில் அதற்கு வாராந்திர டிவி நிகழ்ச்சி கிடையாது. மேட்ச்சுகளைப் படம் பிடித்து வீடியோவாகவும் டிவிடியாகவும் விற்றார்கள். வாணவேடிக்கைக்கும் சினிமா பாணி நாடகத்துக்கும் காசு இல்லை. ரிங்குக்குள் நடப்பது நன்றாக இருந்தால்தான் அடுத்த டிவிடி விற்கும். மேட்ச் தொடங்கும் முன் இருவரும் கை குலுக்க வேண்டும் என்று ஒரு வழக்கத்தையும் வைத்தார்கள். ‘இங்கே இது விளையாட்டு, விளையாட்டாகவே பாருங்கள்’ என்று ரசிகரிடம் சொல்லும் தந்திரம் அது.

2003 மார்ச் 22 அன்று சேவியர் என்ற வீரரைத் தோற்கடித்து ஜோ சாம்பியன் ஆனார். 645 நாட்கள் பெல்ட்டைக் கீழே இறக்கவில்லை. ஜோவை வீழ்த்துவது நடக்காத காரியம் என்ற எண்ணத்தை ஒவ்வொரு மேட்ச்சும் ரசிகர் மனதில் ஏற்றிக்கொண்டே போனது. வெறும் தோலும் தகடும் சேர்ந்த ஒரு பொருளுக்கு மதிப்பு வந்தது இப்படித்தான்.

ஒரு ஹெட்லாக்கில் என்ன இருக்கிறது?

90-களில் டிரம்ப் கார்டு வைத்து விளையாடியவர்களுக்கு நினைவிருக்கும்: உயரம், எடை, மார்பளவு எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். அந்தக் கணக்கில் பங்க்குக்கு வாய்ப்பே இல்லை. ஜோ கனத்த உடம்புக்காரர், ஆனால் வேகமானவர். அவர் அடி கொடுத்தால் அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும். பங்க் ஒல்லி. மது, சிகரெட், போதை எதையும் தொடாத சிகாகோக்காரர். அவருடைய பலம் பிடிவாதம்தான்.

இந்த ஆட்டங்களில் பங்க் கையில் எடுத்த ஆயுதம், மல்யுத்தத்திலேயே மிகச் சாதாரணமான பிடி: சைடு ஹெட்லாக். எதிராளியின் தலையைக் கக்கத்தில் இடுக்கி இறுக்குவது. டிவியில் பார்த்திருப்பீர்கள், இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் அதைப் பயன்படுத்துவார்கள். இங்கே அதற்கு ஒரு காரணம் இருந்தது. தலை மாட்டிக்கொண்டிருக்கும் வரை ஜோவால் கையை ஓங்கி அடிக்க முடியாது. பெரிய உடம்புக்கு மூச்சும் சீக்கிரம் இரைக்கும். ஜோ பிடியை உடைத்து வெளியே வருவார், பங்க் திரும்பவும் போய் மாட்டுவார். திரும்பவும். திரும்பவும். பலவீனமானவன் எப்படித் தாக்குப்பிடிப்பான் என்ற கதையை ஒரு வசனம்கூட இல்லாமல் அந்தப் பிடியே சொல்லிவிடுகிறது.

ரசிகர்கள் ‘ரிங்குக்குள் தரம்’ என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் இருக்கிறதா? 20-வது நிமிடத்தில் அடிபட்ட கால் 40-வது நிமிடத்திலும் வலிக்கிறதா? இப்படி வலியை நம்பவைப்பதற்கு ‘செல்லிங்’ என்று பெயர். அடிப்பதைவிட அடி வாங்குவதில்தான் கெட்டிக்காரத்தனம் அதிகம் தேவை.

அடுத்தது ‘நியர் ஃபால்’. மூன்று எண்ணினால் தோல்வி. நடுவர் கை மூன்றாவது முறை தரையைத் தொடும் அந்த நொடியில் தோளைத் தூக்கித் தப்பிப்பது. செட்டப் என்று தெரிந்த ரசிகருக்கும் முடிவு என்ன என்று தெரியாது. வீரர்கள் முடிவையும் சில முக்கியக் கட்டங்களையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். நடுவில் இருப்பதைப் பெரும்பாலும் ரிங்குக்குள்ளேயே காதோடு காதாகச் சொல்லி, கூட்டத்தின் சத்தத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போவார்கள். ஒரு மணி நேரம் அப்படிச் செய்வதற்கு, உடம்பில் தெம்பு இருந்தால் மட்டும் போதாது.

அக்டோபர் மேட்ச்சுக்குக் கூடுதல் கனம் வந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. ஜூன் 12 அன்று ஒஹாயோவின் டேட்டன் நகரில் இதே இருவரும் 60 நிமிடம் ஆடி டிரா செய்திருந்தார்கள். பங்க்கால் தாங்க முடியும் என்று ரசிகர்களுக்கு இப்போது தெரியும். இந்த முறை சொந்த ஊர் வேறு. கடைசி நிமிடங்களில் கடிகாரமே மூன்றாவது ஆட்டக்காரராக மாறிவிடுகிறது. ‘ஜெயித்துவிடுவாரோ’ என்பதும் ‘நேரம் போதுமா’ என்பதும் ஒரே கேள்வியாகிவிடும்.

‘ரெஸ்லிங் அப்சர்வர்’ இதழ் நடத்தும் டேவ் மெல்ட்சர் இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். 1997-க்குப் பிறகு வட அமெரிக்காவில் நடந்த மேட்ச் ஒன்றுக்கு அவர் அதைக் கொடுத்தது அப்போதுதான். நட்சத்திரம் என்பது ஒரு தனிமனிதரின் ரசனைதான், சான்றிதழ் இல்லை. முதல் கால் மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரீல்ஸ் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது நீளம்தான்.

மூன்றாவது மேட்ச் டிசம்பர் 4 அன்று நியூ ஜெர்சியில் நேர வரம்பு இல்லாமல் நடந்தது. ஜோ ஜெயித்தார். ஆனால் அதே மாதம் 26-ம் தேதி ஆஸ்டின் ஏரிஸிடம் பெல்ட்டை இழந்தார். அத்தனை கஷ்டப்பட்ட பங்க்குக்கு அந்தப் பெருமை போகவில்லை. புக்கர் கேப் சபோல்ஸ்கி எடுத்த முடிவு இது. கொடுமையாகத் தெரிந்தாலும் கணக்கு சரியாக இருந்தது: தோற்றும் பங்க் வளர்ந்தார், ஏரிஸ் ஒரே இரவில் பெரிய ஆள் ஆனார்.

அப்போ அடி?

முடிவு செட்டப், விழுவது நிஜம். ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, கேன்வாஸ். அதன் மேல் முதுகு மோதி விழுவதைத் தினமும் செய்ய வேண்டும். பெரும்பாலான வீரர்கள் நிறுவன ஊழியர்களாகக் கணக்கில் வருவதில்லை, ஒப்பந்தக்காரர்கள்தான்.

தரம் என்ற பெயரில் இது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதே நிறுவனத்தில் இன்னொரு உதாரணம் உண்டு. 2006 ஆகஸ்ட் 12, இங்கிலாந்தின் லிவர்பூல். பிரையன் டேனியல்சன், நைஜல் மெக்கின்னஸ் இருவரும் இரண்டு பட்டங்களை ஒன்றாக்க மோதினார்கள். மெக்கின்னஸின் தலை இரும்புத் தூணில் மோதி ரத்தம் வழிய வழிய ஆட்டம் தொடர்ந்தது. அதையும் உச்சகட்ட மேட்ச் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. மெக்கின்னஸ் 2011-ல் ரிங்கைவிட்டு விலகினார். தலையில் பட்ட அடிகளால் டேனியல்சன் 2016-ல் ஓய்வு அறிவிக்க வேண்டிவந்தது, 2018-ல்தான் மருத்துவர்கள் அனுமதித்தார்கள். ஜோ–பங்க் டிராவை நாம் மேலே வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூட்டத்தைப் பதற வைக்க அவர்களுக்கு மண்டையை உடைத்துக்கொள்ளும் தேவை வரவில்லை.

பங்க் 2011-ல் அதே சிகாகோவை ஒட்டிய பகுதியில் ஜான் சீனாவை வீழ்த்தி டபிள்யூ.டபிள்யூ.இ. பட்டம் வென்றார். 2023 ஆகஸ்டில் ஏ.இ.டபிள்யூ. நிறுவனத்துக்காக லண்டன் வெம்ப்லி மைதானத்தில் அவரும் ஜோவும் மறுபடி மோத, ஜெயித்தது பங்க்.

பழைய மூன்று மேட்ச்சுகளையும் பார்க்க நினைத்தால் வரிசை மாற்றாமல் ஜூன், அக்டோபர், டிசம்பர் என்றே பாருங்கள். ஹெட்லாக் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டே பார்த்தால் இன்னும் நல்லது.