இரண்டே கால் அங்குலம்! 75 உயிர்!
என்ஜினீயர்களுக்கு வரும் சோதனைகள்

1907-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. மாலை 5 மணி 37 நிமிடம்.

கனடா நாட்டில் கியூபெக் நகருக்கு அருகே, செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் ஒரு ரெயில் பாலம் கட்டிக் கொண்டிருந்தார்கள். அன்று பாலத்தின் மீது 86 பேர் இருந்தார்கள். வேலை முடித்து வீடு திரும்பும் நேரம் அது.

திடீரென்று இடி இடித்தது போல ஒரு சத்தம்!

பதினைந்தே விநாடி. ஏறக்குறைய 20 ஆயிரம் டன் இரும்பு சரிந்து விழுந்தது. 75 பேர் மாண்டார்கள். அவர்களில் 33 பேர் ஒரே கிராமத்தைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். உயரத்தில் ஏறி இரும்பு வேலை செய்வதில் பெயர் பெற்றவர்கள். ஒரே நாளில் அந்தக் கிராமத்தில் வீட்டுக்கு வீடு அழுகுரல்!

இது எதிர்பாராமல் நடந்த விபத்தா? இல்லை. "நான் விழப் போகிறேன்" என்று பாலம் பல நாட்களாகவே சொல்லிக் கொண்டிருந்தது. அதைக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் வேலை நடந்தது.

ஏன்?

இளைஞர் கண்ட வளைவு

நார்மன் மக்லூர் ஓர் இளம் என்ஜினீயர். கல்லூரிப் படிப்பை முடித்துச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பாலத்தை மேற்பார்வையிட்டு, நியூயார்க்கில் இருந்த பெரிய என்ஜினீயருக்குத் தகவல் அனுப்புவது அவருடைய வேலை.

ஓர் ஈர்க்குச்சியைத் தரையில் நிறுத்தி, மேலே விரலால் அழுத்திப் பாருங்கள். முதலில் நடுவில் வளையும். பிறகு ஒடியும். பாலத்தின் பாரத்தைத் தாங்கும் அடிப்பக்கத்து இரும்புச் சட்டங்களும் அப்படித்தான்.

ஒரு சட்டம் முக்கால் அங்குலம் வளைந்திருந்தது. ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 27-ந் தேதி அளந்து பார்த்தார்கள். இரண்டே கால் அங்குலம்!

"தொழிற்சாலையில் இருந்து வரும்போதே வளைந்திருக்கும்" என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். "இல்லை. பாலத்தில் பொருத்திய பிறகுதான் வளைந்தது" என்றார் இளைஞர்.

வேலையை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. பேசாமல் இருக்கவும் மனம் இடம் கொடுக்கவில்லை. வேலைக்குப் புதியவருக்கு வரும் சோதனை இதுதான். "நம்மை விடப் பெரியவர்கள் 'ஒன்றும் இல்லை' என்கிறார்களே. நாம் யார் சொல்ல?" என்ற தயக்கம்.

மக்லூர் தயங்கிக் கொண்டே இருந்துவிடவில்லை. ரெயில் ஏறி நியூயார்க் சென்றார்.

வேலை நிற்கவில்லை

இதற்கிடையே பாலத்தில் நடந்தது என்ன?

வளைவைப் பார்த்த மேஸ்திரி முதலில் வேலையை நிறுத்தினார். மறுநாள் மீண்டும் தொடங்கிவிட்டார்! அந்த இடத்தில் இருந்த தலைமை என்ஜினீயர் ஹோர் அதற்கு இணங்கினார். வேலையை நிறுத்தினால் ஆட்கள் பயந்து விடுவார்கள், கலைந்து போய் விடுவார்கள் என்பது அவருடைய கவலை.

ஆட்கள் போய்விடக் கூடாது என்று நினைத்தார். ஆட்கள் உயிரோடேயே போய்விட்டார்கள். வேலையைத் தொடங்கச் சொன்ன மேஸ்திரியும் மாண்டவர்களில் ஒருவர்.

பெரியவர் செய்த பிழை

நியூயார்க்கில் இருந்த பெரியவரின் பெயர் தியோடர் கூப்பர். வயது 68. அமெரிக்காவில் பாலம் என்றால் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். உடல்நலம் குன்றியதால், இரும்பு வேலை நடந்தபோது ஒரு முறை கூடப் பாலத்தை நேரில் பார்க்கவில்லை.

முதலில் பாலத்தின் நடு இடைவெளி 1,600 அடி என்று திட்டமிட்டார்கள். கூப்பர் அதை 1,800 அடி ஆக்கினார். உலகத்திலேயே நீளமான இடைவெளி! நீளம் கூடினால் எடையும் கூடும் அல்லவா? அந்த எடையை யாரும் புதிதாகக் கணக்குப் போடவில்லை. நாலு பேருக்குச் செய்த கட்டிலில் ஆறு பேரை ஏற்றிய கதை ஆகிவிட்டது.

1906-ல் எடை கூடிவிட்டது என்ற உண்மை தெரிந்தது. அதற்குள் வேலை பாதி தூரம் வந்துவிட்டது. "தாங்கும்" என்று கூப்பர் முடிவு செய்தார். அவருடைய கணக்கை வேறொரு என்ஜினீயர் சரிபார்க்கலாம் என்று அரசாங்கம் முன்பே யோசித்தது. அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை.

புகழின் உச்சியில் இருப்பவருக்கு வரும் சோதனை வேறு வகை. அவரைக் கேள்வி கேட்க யாரும் இல்லை. அவரே தம்மைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஆகஸ்டு 29-ந் தேதி பகலில் மக்லூர் கூப்பரைச் சந்தித்தார். கூப்பர் உடனே ஆபத்தைப் புரிந்து கொண்டார். "இனிமேல் பாலத்தில் பாரம் ஏற்றாதீர்கள்" என்று தந்தி அடித்தார். ஆனால் தந்தி போனது பாலத்திற்கு அல்ல. பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனியின் ஆபீசுக்கு! அங்கே கூடிப் பேசினார்கள். "காலையில் பார்த்துக் கொள்ளலாம்" என்று முடிவு செய்தார்கள்.

பாலம் காலை வரை காத்திருக்கவில்லை.

மனதை மாற்றிய ஒரு வார்த்தை

நடுவில் இருப்பவரின் நிலைமை இன்னும் தர்மசங்கடம். மேலே முதலாளி; கீழே உண்மை சொல்லும் என்ஜினீயர்கள்.

1986-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி இரவு. மறுநாள் அமெரிக்காவின் "சேலஞ்சர்" விண்கலம் கிளம்ப வேண்டும். கடுமையான குளிர். "குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகிப் போகும். அனுப்பாதீர்கள்" என்று ராக்கெட் கம்பெனியின் என்ஜினீயர் ரோஜர் பாய்ஸ்ஜாலியும் அவருடைய தோழர்களும் மன்றாடினார்கள். அவர்களுடைய மேலதிகாரி ராபர்ட் லண்டும் முதலில் அவர்கள் பக்கம்தான் இருந்தார். அவரும் ஓர் என்ஜினீயர்.

அப்போது கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர், "என்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக் கொள்ளும்" என்ற கருத்தில் லண்டிடம் பேசினார்.

லண்ட் மனம் மாறினார். "அனுப்பலாம்" என்று பதில் போயிற்று. மறுநாள் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் வானத்தில் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை.

தவறை ஒப்புக்கொண்டவர்

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை.

நியூயார்க்கில் 1977-ல் 59 மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. சிட்டிகார்ப் கட்டடம் என்று பெயர். அதன் கால்கள் நான்கு மூலையில் இல்லை. நான்கு பக்கங்களின் நடுவில் இருந்தன. அதைத் திட்டமிட்டவர் வில்லியம் லெமெஷர். பெயரும் புகழும் உள்ளவர்.

மறு ஆண்டு, அந்தக் கட்டடத்தைப் பற்றி மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி அவரைச் சிந்திக்க வைத்தது. மூலைவாட்டில் காற்று அடித்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டார். திடுக்கிட்டார்! இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து இணைப்பதற்குப் பதிலாக போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள். பெரிய புயல் வந்தால் கட்டடம் தாங்காது.

சொன்னால் மானம் போகும்; தொழில் போகும். சொல்லாவிட்டால் எத்தனையோ உயிர் போகும். தற்கொலை எண்ணம் கூட அவருக்கு வந்ததாம். கடைசியில் தாமே போய் உண்மையைச் சொன்னார்.

இரவோடு இரவாக ஆட்கள் வேலை செய்தார்கள். 200-க்கு மேற்பட்ட இணைப்புகளின் மீது கனமான இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். நடுவில் ஒரு புயல் நகரை நோக்கி வந்தது. நல்ல வேளை, கடல் பக்கம் திரும்பிவிட்டது.

ஆனால் ஒரு குறை உண்டு. அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும், அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் ஆபத்தைச் சொல்லவே இல்லை. 1995-ல்தான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. தவறை முதலாளியிடம் சொன்னது பெரிய காரியம்தான். அந்த நிழலில் தூங்கியவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டாமா?

சுண்டு விரல் மோதிரம்

கியூபெக் பாலத்தை மீண்டும் கட்டினார்கள். 1916-ல் நடுப்பகுதியைத் தூக்கும்போது அது ஆற்றில் விழுந்து மேலும் 13 பேர் மாண்டார்கள். 1917-ல்தான் வேலை முடிந்தது. இன்றும் அதன் மேல் ரெயில் ஓடுகிறது.

கனடாவில் என்ஜினீயர் படிப்பு முடித்தவர்கள் 1925 முதல் ஒரு சடங்கில் உறுதிமொழி எடுக்கிறார்கள். அப்போது ஓர் இரும்பு மோதிரம் அணிகிறார்கள். விழுந்த பாலத்தின் இரும்பில் செய்த மோதிரம் என்று சிலர் சொல்வார்கள். அது வெறும் கதை. ஆனால் மோதிரம் நிஜம்.

எழுதும் கையின் சுண்டு விரலில் அதைப் போடுகிறார்கள். படம் வரையும்போதும் கையெழுத்துப் போடும்போதும் அது காகிதத்தில் உரசும்.

"இந்தக் கையெழுத்தை நம்பி மனிதர்கள் நடக்கப் போகிறார்கள்" என்று ஒவ்வொரு முறையும் அது நினைவூட்டும்.