நூல் இழுத்தால் திறக்கும் கதவு

கண்ணைவிடக் காதுதான் வேகம். ‘இடியைவிட மின்னல்தானே முதலில் வருகிறது?’ என்று மடக்குவீர்கள். வரும் வழியில் ஒளி முந்துவது சரிதான். உடம்புக்குள் வந்த பிறகுதான் கதை மாறுகிறது. கண்ணில் விழுந்த ஒளி, ஒன்றன்பின் ஒன்றாகச் சில வேதி மாற்றங்களைக் கிளப்பிவிட்ட பிறகே மின்சைகையாகும். காதுக்கு அந்தச் சுற்றுவழியே கிடையாது.

உள்காதில் காக்ளியா என்ற சுருள் குழாய் இருக்கிறது. அதில் சுமார் 15,000 ரோமச் செல்கள். பெயரில்தான் ரோமம், தலைமுடிக்கும் இதற்கும் உறவில்லை. ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் நுண்ரோமங்கள் உயர வரிசையில் நிற்கும். குட்டை ரோமத்தின் நுனியை அடுத்த நெட்டை ரோமத்தோடு ஒரு புரத நூல் இணைக்கிறது. இந்த நூலை 1984இல் இங்கிலாந்தின் ஆய்வாளர் பிக்கில்ஸ் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார்கள்.

நூலின் கீழ்முனையில் இருப்பது அயனிக் கால்வாய். மின்னேற்றம் பெற்ற அணுக்களான அயனிகள் செல்லுக்குள் நுழையும் வழி அது. ஒலியின் அதிர்வால் ரோமங்கள் நெட்டைப் பக்கம் சாய்ந்தால் நூல் இறுகும். கயிறு கட்டிய கதவை இழுத்தது போலக் கால்வாய் திறக்கும். வெளியே இருக்கும் பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாயும், மின்சைகை தயார். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நூல் தளர்ந்து கால்வாய் மூடும்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அமெரிக்க ஆய்வாளர்கள் கோரியும் ஹட்ஸ்பெத்தும் காளைத் தவளையின் ரோமச் செல்களை அசைத்துப் பார்த்து, 1979இல் விடை சொன்னார்கள். ஒரு நொடியைப் பத்தாயிரம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குகூட ஆகவில்லை! நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை நாம் கேட்பதென்றால் இந்த வேகம் வேண்டாமா?

திறந்தால் மட்டும் போதாது, மூடவும் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். திறந்த வழியில் பொட்டாசியத்தோடு கொஞ்சம் கால்சியமும் நுழைந்துவிடும். நூலின் மேல்முனையைப் பிடித்திருப்பது ஒரு வகை மயோசின். நம் தசைகளில் உள்ள மயோசினுக்குச் சொந்தக்காரப் புரதம். தவளையின் செல்லில், கால்சியம் பட்டதும் மயோசினின் பிடி நழுவும், நூல் தளரும், கால்வாய்கள் மூடத் தொடங்கும். கால்சியம் குறைந்ததும் மயோசின் மறுபடி மேலேறி நூலை இழுத்து வைக்கும். கால்வாய் உள்ளே விட்ட கால்சியமே கால்வாயை மூட வைக்கிறது, பாருங்கள்! அதனால்தான் அடுத்து வரும் சிறு அதிர்வையும் அந்தச் செல்லால் உணர முடிகிறது.

மூளையும் சும்மா இருப்பதில்லை. அங்கிருந்து வரும் நரம்புகள் வெளிவரிசை ரோமச் செல்களில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். உடனே அந்தச் செல்லின் அடிப்பக்கத்தில் வேறு கால்வாய்கள் திறந்து பொட்டாசியம் வெளியேறும், செல் அடங்கும்.

பேரிரைச்சலில் நூல் அறுந்துபோகலாம். கோழிக்குஞ்சின் செல்களில், அறுந்த நூல் ஒரே நாளில் மீண்டும் உருவானதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். செல்லே செத்துப்போனால்? கோழிக்குப் புதிய செல் வளரும், நமக்கு வளராது. அதனால் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நிற்காதீர்கள். ஹெட்போனில் பாட்டுக் கேட்கும்போது ஒலியைக் குறைத்தே வையுங்கள்.