பகலில் பல்லைக் கடிக்கிறீர்களா?



தவணை கட்டும் நாள் நெருங்கினாலே நம் குழு அக்கா ஒருவருக்குக் காதோரமும் நெற்றிப்பொட்டும் விண்விண்ணென்று தெறிக்கும். சொத்தைப்பல் என்று நினைத்து ஒரு பல்லைப் பிடுங்கியும் ஆச்சு. வலி போகவில்லை. பிறகு வேறொரு பல் டாக்டர் கேட்டார்: "பகல்ல பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிட்டே இருப்பீங்களாம்மா?"

அக்காவுக்கே தெரியவில்லை. தூக்கத்தில் நறநறவென்று கடித்தால் பக்கத்தில் படுத்தவர் சொல்வார். பகலில் பெரும்பாலும் சத்தமே வராது. ஊசியில் நூல் கோர்க்கும்போது, கணக்கு நோட்டு எழுதும்போது, கோபத்தை அடக்கும்போது தாடை தானாக இறுகிவிடும். சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் சேர்ந்தால் போதும். எந்நேரமும் இறுக்கினால் தாடைத் தசை வலிக்கும், பல் தேயும், கூசும்.

மனக்கவலையும் பதட்டமும் இதைக் கூட்டும். சரியாகத் தூங்காத மறுநாள் சின்ன விஷயத்துக்கும் பதறுகிறோமே, அப்போது பல்லும் இறுகும். குறட்டையும் நடுவே மூச்சுத் திணறலும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றாலும் பல்கடி வரலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். (வயிற்றில் பூச்சி என்று பூச்சி மாத்திரை போட்டால் இது நிற்காது!)

அக்கா தையல் மிஷினில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் உதட்டை மூடி, பல்லைப் பிரித்து, தோளைத் தளர்த்துவார். தவணைக் கஷ்டத்தையும் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னார்; ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தோம். வலி மெல்ல மெல்லக் குறைந்தது. பிடுங்கிய பல்தான் வீண்.