கடுகு போன இடம் தெரியும், பூசணிக்காய் போன இடம் தெரியுமா?

உலகத்திலேயே நாகரிகமான அரசியல் எங்கே என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் கனடாவைக் கைகாட்டுவார்கள். மிதித்தவனிடம் மிதிபட்டவனே ‘சாரி’ கேட்கும் ஊராயிற்றே! அங்கேயும் ஊழலா, ஊதாரித்தனமா? பேஷாக உண்டு! ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே எல்லாமே வெளியே வந்துவிடும், ஆனால் பெரும்பாலும் யாரும் உள்ளே போக மாட்டார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு. தொகை சின்னதாக இருந்தால் பதவி ஆட்டம் காணும். பெரிதாக இருந்தால் அறிக்கை வரும். நம்ப முடியவில்லையா? வாருங்கள், தலைநகர் ஒட்டாவாவை ஒரு சுற்று சுற்றி வரலாம்!

ஒரு கிளாஸ் ஜூஸ் அமைச்சரை ஆட்டிப் படைத்தது தெரியுமா?

2011-ல் லண்டனில் ஒரு மாநாடு. சர்வதேச ஒத்துழைப்புத் துறை அமைச்சர் பெவ் ஓடா போயிருந்தார். மாநாடு நடந்த ஐந்து நட்சத்திர ஹோட்டலிலேயே அறை போட்டிருந்தார்கள். அது சரிப்படவில்லை, அதைவிடப் பகட்டான சவாய் ஹோட்டலுக்கு மாறினார். அங்கே குடித்த ஆரஞ்சு ஜூஸ் 16 டாலர்! ஏழை நாடுகளுக்கு உதவி செய்வதுதான் அவருடைய துறையின் வேலை என்பது ஜூஸில் போட்ட சர்க்கரை. 2012 ஏப்ரலில் பில் வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார், பணத்தைத் திருப்பிக் கட்டினார், ஜூலையில் பதவி விலகலை அறிவித்தார். அவர் செய்த வேலைகளை மறந்துவிட்ட ஊர், அந்த கிளாஸை மட்டும் மறக்கவில்லை.

அதே ஊரில் 300 கோடி டாலர் கரைந்தபோது யார் பதவி போனது தெரியுமா?

எந்த அமைச்சரின் பதவியும் போகவில்லை! அரசு ஊழியர்களின் சம்பளத்தைக் கணினிமயமாக்க ‘ஃபீனிக்ஸ்’ என்ற திட்டம் வந்தது. ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்றார்கள். கட்டிமுடிக்க 27.4 கோடி ஆகும் என்று ஐபிஎம் சொன்னபோது, கையில் ஒப்புதல் இருந்தது 15.5 கோடிக்குத்தான். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தேவையான வசதிகளைக் கத்தரித்தார்கள், சோதனை ஓட்டத்தையே ரத்து செய்தார்கள், 2016-ல் பொத்தானை அமுக்கிவிட்டார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்கு அரைகுறையாக வந்தது. சிலருக்கு அதிகமாக வந்து, பிறகு ‘திருப்பிக் கொடு’ என்று கடிதமும் வந்தது. ‘புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி’ என்று எழுதினார் தலைமைக் கணக்காய்வாளர். மிச்சம் பிடிக்க வந்த திட்டத்துக்குச் செலவு 300 கோடி டாலரைத் தாண்டியது. ஆரம்பித்தது கன்சர்வேட்டிவ் அரசு, அமுக்கியது லிபரல் அரசு. ஆளுக்கு ஆள் கைகாட்டிக்கொள்ள இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஜூஸைக் குடித்தது ஒரே வாய். ஃபீனிக்ஸைத் தொட்டதோ ஆயிரம் கைகள்!

கூலிங்கிளாஸுக்கு அபராதம் உண்டு, தீவுக்கு இல்லை என்பது தெரியுமா?

பிரின்ஸ் எட்வர்ட் தீவில் செய்த கூலிங்கிளாஸ் அன்றைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவுக்குப் பரிசாக வந்தது. குறித்த நாளுக்குள் பதிவேட்டில் சொல்லவில்லை என்று 2018-ல் 100 டாலர் அபராதம். சபாஷ்! ஆனால் அதே ட்ரூடோ, மதத் தலைவர் ஆகா கானின் பஹாமாஸ் தீவில் குடும்பத்தோடு விடுமுறை கழித்தது விதிமீறல் என்று 2017 டிசம்பரில் நெறிமுறை ஆணையர் தீர்ப்பு எழுதினார். எஸ்என்சி-லாவலின் நிறுவன வழக்கில் சட்டத்துறை அமைச்சருக்கு நெருக்கடி கொடுத்ததும் விதிமீறல் என்று 2019-ல் இன்னொரு தீர்ப்பு. இரண்டுக்கும் சேர்த்து அபராதம்? பூஜ்யம்! படிவம் நிரப்பத் தவறினால்தான் சட்டத்தில் அபராதம்; அதுவும் அதிகபட்சம் 500 டாலர். அன்றைய நிதியமைச்சர் பில் மோர்னோவுக்கு பிரான்ஸில் ஒரு வில்லா. அதை வைத்திருக்கும் கம்பெனியைக் கணக்கில் காட்டாததற்கு 200 டாலர் கட்டினார். ஆக, மறந்தால் அபராதம், மீறினால் அறிக்கை!

ஒரு கைபேசிச் செயலி 177 அவதாரம் எடுத்தது தெரியுமா?

கொரோனா காலத்தில் நாட்டுக்குள் வருகிறவர்களுக்காக ‘அரைவ்கேன்’ செயலி. முதல் பதிப்புக்கு 80,000 டாலர்தான். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக 177 பதிப்புகள். அதில் ஒன்று, எந்தக் குறையும் இல்லாத சுமார் 10,000 பயணிகளை ‘தனிமையில் இரு’ என்று வீட்டில் உட்கார வைத்தது! மொத்தச் செலவு எவ்வளவு? 2024 பிப்ரவரியில் தலைமைக் கணக்காய்வாளர் கேரன் ஹோகன் சுமார் 5.95 கோடி டாலர் என்று மதிப்பிட்டார். ‘சுமார்’ ஏன்? துல்லியமாகச் சொல்லுமளவுக்கு ரசீதுகளையே ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லையாம்! இதில் ஏறக்குறைய 1.91 கோடியை அள்ளியது இரண்டே பேர் நடத்திய ஒரு கம்பெனி. அவர்கள் செயலி எழுதினார்களா? அதெல்லாம் இல்லை. ஆள் பிடித்துக் கொடுத்தார்கள், நடுவில் கமிஷன் எடுத்துக்கொண்டார்கள்.

இனி வருவதுதான் உச்சக்காட்சி. 2024 ஏப்ரல் 17. மக்களவை வாசலில் குறுக்கே ஒரு பித்தளைத் தடுப்பு. அந்தப் பக்கம் அங்கி அணிந்த சபாநாயகர், இந்தப் பக்கம் கோட்டு போட்ட அந்தக் கம்பெனியின் பங்குதாரர். நாடாளுமன்றக் குழுவில் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாததற்காக நிற்க வைத்து, எல்லா உறுப்பினர்களும் பார்த்திருக்கக் கண்டனம் வாசித்தார்கள். பிறகு கட்சி கட்சியாகக் கேள்விக் கணை. எம்பியோ அரசு அதிகாரியோ அல்லாத ஒரு தனிநபரை இப்படி நிறுத்தியது 1913-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை! சரி, ஒப்பந்தத்தை நீட்டிய அதிகாரிகளையும் அதே தடுப்புக்கு முன் நிறுத்தினார்களா? அடடா, அத்தனை பேருக்கு அங்கே இடம் போதாதே!

10 லட்சத்தைக் கண்டுபிடிக்க 2 கோடி செலவழித்த கதை தெரியுமா?

செனட்டர்களின் செலவுக் கணக்கைத் தோண்டச் சொன்னார்கள். 2015-ல் முடிவு வந்தது: 30 பேர் கணக்கில் கோளாறு, மொத்தம் ஏறக்குறைய 10 லட்சம் டாலர். தோண்டிய செலவு 2.3 கோடிக்கும் மேல்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விமானத்தில் சாப்பாடு கொடுக்கும்போது வெளியே சாப்பிட்ட காலை உணவுக்குத் தனியே பில் ஏன் என்று கேட்டதற்கு, விமானத்தில் தரும் கமம்பேர் பாலாடைக்கட்டி ஐஸ்போல் குளிர்ந்து கிடக்கிறது, பிஸ்கட் உடைந்து கிடக்கிறது என்று குறைப்பட்டார் செனட்டர் நான்சி ரூத். மக்கள் சேவையில்தான் எத்தனை இடர்!

லஞ்சம் வாங்கியதாக வழக்கு, கொடுத்ததாக வழக்கு இல்லை, இது தெரியுமா?

செனட்டர் மைக் டஃபி திருப்பிக் கட்ட வேண்டிய 90,172 டாலரை, அன்றைய பிரதமர் ஹார்ப்பரின் தலைமை உதவியாளர் நைஜல் ரைட் தன் சொந்தப் பணத்தில் செக்காகக் கொடுத்தார். அதை லஞ்சமாக ஏற்றதாக டஃபி மீது குற்றச்சாட்டு. கொடுத்தவர் மீது எதுவுமில்லை! 2016-ல் டஃபி மேலிருந்த 31 குற்றச்சாட்டுகளும் தள்ளுபடி. வாங்கியவரும் குற்றவாளி இல்லை, கொடுத்தவரும் குற்றவாளி இல்லை. பாவம், செக்தான் தானாக நடந்து போயிருக்கிறது!

விசாரணை ஆணையத்தை கோல்ஃப் பந்து வென்றது தெரியுமா?

கியூபெக்கில் கனடா பற்றை வளர்க்க ஒரு விளம்பரத் திட்டம். ஒரு விளம்பர கம்பெனிக்கு மூன்று அறிக்கைகள் எழுத 16 லட்சம் டாலர் கொடுத்தார்கள். இரண்டு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. மூன்றாவதைக் காணவே காணோம்! நீதிபதி கோமெரி தலைமையில் விசாரணை. பிரதமராக இருந்த ழான் க்ரெத்தியேனின் கையெழுத்து பொறித்த கோல்ஃப் பந்துகளை, ‘சிற்றூர்த்தனமான மலிவு வேலை’ என்ற பொருளில் ஒரு பேட்டியில் கிண்டலடித்துவிட்டார் நீதிபதி. 2005 பிப்ரவரியில் சாட்சி சொல்ல வந்த க்ரெத்தியேன் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்: இது அமெரிக்க அதிபர் கிளிண்டனின் பந்து, இது புஷ்ஷின் பந்து, இதுவும் சிற்றூர்த்தனமா? கடைசியாக ஒரு வக்கீல் நிறுவனத்தின் பந்து. நீதிபதியின் மகள் வேலை பார்த்த நிறுவனம் அது! சபையே சிரித்தது. 2008-ல் ஃபெடரல் நீதிமன்றம், கோமெரியின் பேச்சில் ஒருதலைச் சார்பு தென்படுகிறது என்று சொல்லி, க்ரெத்தியேனுக்கு எதிரான முடிவுகளை ரத்து செய்தது. இந்த விவகாரத்தில் பிடிபட்ட ஒரு விளம்பர முதலாளிக்கு முதலில் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? மாணவர்களுக்கு நேர்மை பற்றிச் சொற்பொழிவாற்றுவது! மேல்முறையீட்டில்தான் 18 மாதச் சிறையாக மாறியது.

இதோ, மூச்சு வாங்காமல் இன்னும் சில!

* 2010-ல் டொரன்டோவில் ஜி20 மாநாடு. பத்திரிகையாளர்களுக்காகக் கூடத்துக்குள் 57,000 டாலரில் செயற்கை ஏரி. கொஞ்ச தூரம் நடந்தால் நிஜ ஒன்டாரியோ ஏரி, இலவசம்!

* அதே சமயம் ஜி8-க்காக எல்லைக் கட்டமைப்பு நிதியிலிருந்து 5 கோடி டாலர், எல்லையே இல்லாத மஸ்கோகாவுக்குப் போனது. மாநாட்டுத் தலைவர்கள் எட்டியே பார்க்காத ஊரில் 1 லட்சம் டாலர் மண்டபம். தொகுதி, அமைச்சர் டோனி க்ளெமென்டுடையது. கணக்காய்வு அறிக்கை வந்தபோது அவர் எந்தத் துறைக்கு அமைச்சர்? அரசுச் செலவைக் கட்டுப்படுத்தும் கருவூல வாரியத்துக்கு!

* 2011 மார்ச்சில், நாடாளுமன்றத்தை அவமதித்ததாக 156-க்கு 145 வாக்கில் கவிழ்ந்தது ஹார்ப்பர் அரசு. மே மாதத் தேர்தலில் மக்கள் கொடுத்த தண்டனை: தனிப் பெரும்பான்மை!

* அந்தத் தேர்தலில் குவெல்ஃப் தொகுதி வாக்காளர்களுக்கு ‘உங்கள் வாக்குச்சாவடி மாறிவிட்டது’ என்று பொய் அழைப்புகள் பறந்தன. கைபேசி யார் பெயரில்? ‘பியேர் பூட்டீன்’, பிரிவினைவாதித் தெரு! உருளைக்கிழங்கு வறுவலில் குழம்பு ஊற்றித் தின்னும் பண்டத்தின் பெயரில் ஒரு ஆள்! கடைசியில் சிறைக்குப் போனது ஹார்ப்பர் கட்சியின் ஒரு இளம் ஊழியர். அவர் தனியாகச் செய்திருக்க மாட்டார் என்று நீதிபதியே சொன்னார். மற்றவர்கள்? பூட்டீனைத்தான் கேட்க வேண்டும்.

* தகவல் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஒரு பழைய ஊழல் விசாரணைக் கோப்பைக் கேட்டவரிடம், தேசிய ஆவணக் காப்பகம் கேட்ட அவகாசம் 80 ஆண்டு!

* பிரதமரின் அதிகாரப்பூர்வ இல்லத்தில் 2015-க்குப் பிறகு எந்தப் பிரதமரும் குடியிருக்கவில்லை. எலிகள் இருந்தன! சுவருக்குள் செத்த எலிகளின் குவியல். பழுதுபார்க்கக் கோடிகள் வேண்டும். கையெழுத்துப் போட்டால் அடுத்த ஜூஸ் கதை தன்னுடையதாகிவிடுமே என்று அதற்குப் பிறகு வந்த பிரதமர்கள் பக்கத்திலேயே வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது தெரியுமா?

நாடு பிறந்து ஐந்தே ஆண்டுகளில்! 1872 தேர்தல். முதல் பிரதமர் ஜான் மக்டொனால்டுக்குக் தேர்தல் செலவுக்குப் பணம் போதவில்லை. ரயில்பாதை ஒப்பந்தத்துக்குக் காத்திருந்த கோடீஸ்வரர் ஹ்யூ ஆலனின் வக்கீலுக்குத் தந்தி அடித்தார்: இன்னும் பத்தாயிரம் வேண்டும், இதுதான் கடைசி, இன்றைக்கே பதில் சொல்லு! வக்கீல் அலுவலகத்திலிருந்து அந்தத் தந்தி திருடு போனது, அடுத்த ஆண்டு பத்திரிகையில் வந்தது, ஆட்சி போனது. 1878-ல் அதே மக்டொனால்ட் அமோகமாக ஜெயித்துத் திரும்பி வந்தார். 1891-ல் இறக்கும்வரை பிரதமர். அவருக்குப் பிறகு பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? அந்தத் தந்தியைப் பெற்ற வக்கீல் ஜான் அபட்!

பத்தாயிரம் கேட்டவர், 1971-லிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு 10 டாலர் நோட்டில் கம்பீரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2018-ல் அந்த இடத்துக்குக் கறுப்பினப் பெண்மணி வயோலா டெஸ்மண்ட் வந்தபோது, மக்டொனால்டை அதைவிடப் பெரிய நோட்டுக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டார்கள். அதாவது, பதவி உயர்வு! கேட்டவர் நோட்டில், பெற்றவர் நாற்காலியில். தந்தியைத் திருடி ஊருக்குக் காட்டிய குமாஸ்தாவுக்கு மட்டும் ஐந்து காசிலும் இடமில்லை.