விலை எழுதியிருக்கும் சூதாட்டம்

லாஸ் வேகாஸ் நகரத்தின் ராஜவீதியான ஸ்டிரிப்பின் வடபகுதியில், 2007-ஆம் வருஷம் வேலை தொடங்கி, பொருளாதார வீழ்ச்சியில் நிறுவனம் திவாலாகி, உச்சிவரை எழும்பியும் உள்ளே ஒன்றும் பூர்த்தியாகாத நிலையில் 2009-இல் கைவிடப்பட்டு, பல கைகள் மாறிய 67 மாடிக் கட்டடம் ஒன்று, முதலில் அதைத் தொடங்கிய ஜெஃப்ரி சாஃபரிடமே திரும்பி வந்து, 2023 டிசம்பரில் ஃபோன்டன்புளூ என்ற பெயரோடு திறக்கப்பட்டது. 3,644 அறைகளும் சுமார் 370 கோடி டாலர் செலவும் கொண்ட அந்த மாளிகையில், நீலக் கண்ணாடியும் பொன்னிறத் தூண்களும் பளிங்குத் தரையும் சேர்ந்து உண்டாக்கும் சௌந்தரியத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சூதாட்ட மண்டபம் இவ்வளவு விசாலமாகவும் வெளிச்சமாகவும் இருப்பது அபூர்வம். ஆயினும் நான் நாடிச் சென்றது அந்த அலங்காரத்தை அல்ல. வீடியோ போக்கர் யந்திரத்தைத்தான்.

1970-களின் பிற்பகுதியில் ஸை ரெட் என்பவர் சீட்டாட்டத்தைத் திரையில் ஏற்றி விற்கத் தொடங்கியபோது, அவருடைய சிறு கம்பெனி பிற்காலத்தில் ஐ.ஜி.டி. என்ற பெரும் ஸ்தாபனமாகும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆட்டம் சுலபமானது. ஐந்து சீட்டு விழும். வேண்டியவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கழித்தால், அவற்றுக்குப் பதில் புதிய சீட்டுகள் வரும். ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ அமைந்தால் பணம் உண்டு. நெவாடா மாநிலத்து விதிப்படி, திரையில் சீட்டைக் காட்டும் யந்திரம் எதுவானாலும், மெய்யான 52 சீட்டுக் கட்டில் எந்தச் சீட்டு எவ்வளவு சம்பாவிதத்தோடு வருமோ அதே சம்பாவிதத்தோடுதான் அதை வழங்க வேண்டும். பக்கத்திலே சுழலும் ஸ்லாட் யந்திரத்தின் உள்ளே என்ன கணக்கு ஓடுகிறது என்பது ஆடுகிறவனுக்கு என்றைக்கும் தெரியாது. போக்கர் யந்திரமோ எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு பணம் என்ற தன் பட்டியலைத் திரையின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறது.

அந்தப் பட்டியலில் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். ஒரு மதிப்பில் மூன்றும் இன்னொரு மதிப்பில் இரண்டும் சேரும் ஃபுல் ஹவுஸுக்கு ஒரு காசுக்கு 9, ஐந்தும் ஒரே இனமாக அமையும் ஃபிளஷுக்கு 6 என்றிருந்தால், பிழையின்றி ஆடுகிறவனுக்கு நூறு டாலருக்கு 99.54 டாலர் சராசரியாகத் திரும்பும். அதுவே 8, 5 என்று குறைந்தால் 97.30. வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். கால் டாலர் யந்திரத்தில் ஐந்து காசு வைத்து, மணிக்கு 600 ஆட்டம் ஆடுகிறவன் 750 டாலர் பணயம் வைக்கிறான். முதல் யந்திரத்தில் அவன் மணிக்குச் சராசரியாக இழப்பது மூன்றரை டாலருக்கும் குறைவு, இரண்டாவதில் 20 டாலருக்கும் அதிகம். மாறியிருப்பவை இரண்டே இலக்கங்கள். வர்ணமும் ஓசையும் நாற்காலியும் அப்படியே இருக்கும். ஸ்டிரிப்பின் பெரிய மாளிகைகளில் மலிவான பணயத்துக்கு முந்திய பட்டியல் கிடைப்பது அரிது. உள்ளூர்வாசிகள் போகும் மண்டபங்களில் தேடினால் அகப்படும்.

எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு மூதாட்டி நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு விழுந்தவை ஆட்டீனில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 3. ஃபிளஷ் கையிலேயே இருக்கிறது. அவரோ கணமும் தயங்காமல் அந்த 3-ஐக் கழித்தார். கையில் வந்த பணத்தை உதறுகிறாரே என்று பார்ப்பவனுக்குப் பதைக்கும். சாஸ்திரப்படி அவர் செய்ததே சரி. மீதமுள்ள 47 சீட்டுகளில் ஆட்டீன் 10 ஒன்று வந்தால் ராயல் ஃபிளஷ், காசுக்கு 800. அந்த ஒன்றின் பலத்தால் கழிக்கும் கையின் சராசரி மதிப்பு 18-க்கு மேல், வைத்துக்கொண்டால் 6 தான். வந்தது ஒரு கிளாவர் 7. அவர் முகம் மாறவில்லை. விரல் அடுத்த ஆட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. ஏறத்தாழ 40,000 ஆட்டங்களுக்கு ஒருமுறை வருகிற அந்த ராயல் ஃபிளஷ் ஒன்றிலேயே மொத்த வரவில் நூற்றுக்கு இரண்டு பங்கு அடங்கியிருப்பதால், அது வராத நாளெல்லாம் நல்ல பட்டியலிலும் நஷ்டம் நூற்றுக்கு இரண்டரை என்பதை அறிந்தவர் அவர் என்று தோன்றிற்று. அதுவும் ஐந்து காசு வைத்தால்தான். ஒரே காசு வைக்கிறவனுக்கு அதே ராயல் ஃபிளஷ் 250 மட்டுமே தரும்.

இவ்வளவு கணக்கும் தெரிந்து உட்காருகிறவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? பட்டியல் கண்ணெதிரே இருக்கிறது என்பது நியாயம்தான். ஆனால் 8-க்கும் 9-க்கும் உள்ள தூரத்தை யாரும் விளக்கிச் சொல்லாத வரையில், அந்த நியாயம் கணக்கு அறிந்தவனுக்கு மட்டுமே பயன்படுகிறது. நெவாடா சீட்டின் நேர்மையைக் காக்கிறது. பட்டியல் எப்படி இருக்கவேண்டும் என்பதில், யந்திரம் நூற்றுக்கு 75-க்குக் குறையாமல் திருப்பித் தரவேண்டும் என்ற வரம்போடு நின்றுவிடுகிறது. பிரிட்டனிலோ, சராசரியாக நூற்றுக்கு எவ்வளவு திரும்பும் என்பதை ஒவ்வொரு சூதாட்ட யந்திரமும் ஆடுகிறவனுக்குக் காட்டியே ஆக வேண்டும். 67 மாடி எழுப்பத் தெரிந்த நகரத்துக்கு, ஒவ்வொரு திரையிலும் அந்த ஓர் எண்ணைச் சேர்ப்பது சிரமமான காரியமல்ல. அதை நெவாடா இனியும் தாமதிக்காமல் சட்டமாக்க வேண்டும்.